பூட்டும் துப்பும்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இல்லை. கால்பந்து கிளப்பில் புல் வெட்டுகிறவரிலிருந்து தலைவர் வரைக்கும் அவர் ‘பூட்டு’தான். இருபத்திரண்டு வருஷமாகக் கிளப்பின் பெரிய கறுப்பு வண்டியை ஓட்டுகிறவர். புதிதாக வாங்கும் ஆட்டக்காரரை விமான நிலையத்தில் ஏற்றிக்கொள்வது, மருத்துவப் பரிசோதனைக்குக் கொண்டுபோவது, கையெழுத்துப் போட அழைத்து வருவது எல்லாம் அவர் பொறுப்பு. யார் வருகிறார், யார் போகிறார், எத்தனை கோடிக்கு என்பதெல்லாம் ஊருக்குத் தெரிய வருவதற்கு முன்பே அவர் முதுகுக்குப் பின்னால் பேசி முடிந்திருக்கும். அதில் ஒரு வார்த்தை அவர் வாய் வழியாக வெளியே வந்ததில்லை.

நாலு வருஷம் முன்னால், ஊரே யாரென்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த ஒரு கோல்கீப்பரை இறக்கிவிட்டு வந்து, மத்தியானம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார். டிவியில் செய்தி ஓடியது. மனைவி பரிமாறிய கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

“ஐயோ, இவரையா வாங்கிட்டாங்க! ஏங்க, நீங்க பாத்தீங்களா?”

“ம்.”

“எப்போ?”

“காலையில.”

“ஏதாவது பேசினாரா?”

“ஏசியக் குறைக்கச் சொன்னாரு.”

அவ்வளவுதான். அடுத்த மூன்று நாள் அவள் ஏசியைவிடக் குளிர்ச்சியாக இருந்தாள். நாலாம் நாள் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். கடைக்கு வருகிறவர்களிடம் தானே அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிப் புருஷனை இன்னும் பிரபலமாக்கினாள்.

இப்படிப்பட்ட மனிதரின் வீட்டு மாடியிலேயே குடியிருந்தான் அவர் மச்சான். விளையாட்டுப் பத்திரிகையில் நிருபர். எந்த ஆட்டக்காரர் எந்தக் கிளப்புக்குப் போகப்போகிறார் என்று மோப்பம் பிடித்து எழுதுவதுதான் அவன் பக்கம். ஆபீசில் அவனுக்கு வைத்த பெயர் ‘துப்பு’. அக்காவுக்குக் கல்யாணம் ஆன வருஷம், பதினொரு வயசில், ஒரு பையோடு கூடவே வந்தவன். அவனுக்கு சைக்கிள் பழக்கியதும், பத்தாவது பரீட்சையன்று காய்ச்சலோடு தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூட வாசலில் விட்டதும் பூட்டுதான். மச்சான் என்று சொல்வதெல்லாம் முறைக்காகத்தான். மனசுக்குள் அவன் அவருக்கு மூத்த பிள்ளை.

மாமா வாய் திறக்க மாட்டார் என்பது துப்புக்குத் தெரியும். அதனால் அவரைச் சுற்றியுள்ளவற்றைப் படிக்கப் பழகியிருந்தான். அவர் சட்டையை இஸ்திரி போட்டிருந்தால் ஒரு கதை, போடாவிட்டால் இரண்டு கதை. ஒருமுறை அவர் பாக்கெட் பாக்கெட்டாகப் புதினா மிட்டாய் வாங்கியதைப் பார்த்து, மிட்டாய்ப் பைத்தியமான ஒரு நடுக்கள ஆட்டக்காரர் வருகிறார் என்று எழுதிவிட்டான். மாமாவுக்குத் தொண்டைக் கட்டு, அவ்வளவுதான்.

“மாமா, சும்மா கேக்கறேன். நாளைக்கு மழை வந்தா விமானம் இறங்குமா?” என்பான் சாப்பிடும்போது.

“மழை வந்தா நீ குடை எடுத்துட்டுப் போ” என்பார் அவர்.

அந்த வருஷம் கிளப்புக்குச் சோதனைக் காலம். கோல் அடிக்கிற முன்னணி ஆட்டக்காரருக்கு முழங்காலில் தசைநார் கிழிந்துபோய், ஆறு மாசம் களத்தில் இறங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆள் வாங்கும் கெடு முடிய இருபத்தாறு நாள். ஆட்டக்காரர்களை வாங்குவதும் விற்பதும் ‘மேடம்’ என்று எல்லாரும் அழைத்த ஒரு பெண்மணியின் பொறுப்பு. ஐம்பது வயசிருக்கும். வண்டியில் ஏறியதும் செருப்பைக் கழற்றிவிட்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்து, வறுத்த வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரிப்பார். ஆபீசில் பேசுவதைவிட வண்டியில்தான் அதிகம் பேசுவார். ஏனென்றால் ஆபீசில் சுவருக்குக் காது உண்டு. வண்டியில் பூட்டு ஒருவர்தான்.

மேடம் குறி வைத்திருந்தது வேறொரு ஊர்க் கிளப்பில் ஆடும் ‘இடதுகாலன்’ என்ற பையனை. ரசிகர்கள் வைத்த பெயர் அது. அந்தக் கிளப் ஐம்பது கோடி கேட்டது.

“பசியோட கடைக்குப் போனா இப்படித்தான்” என்றார் மேடம், கடலையைக் கொறித்துக்கொண்டே. “நமக்கு வேற ஆள் இல்லன்னு அவங்களுக்குத் தெரியும். நம்ம ஆளோட முழங்காலை நம்மளவிட அவங்கதான் நல்லாப் பாத்திருக்காங்க.”

ஃபோன் அடித்தால் உடனே எடுக்க மாட்டார். ஏழாவது மணி வரை விடுவார். இடதுகாலனின் ஏஜென்ட், “மூணு கிளப் கேட்டுக்கிட்டிருக்கு மேடம்” என்று ஆரம்பித்தால், “ரொம்ப சந்தோஷம், நல்ல இடமாப் பாத்துக் குடுங்க” என்று வைத்துவிடுவார். அப்புறம் கண்ணாடியில் பூட்டைப் பார்த்து, “அந்த மூணுல ரெண்டு அவரே பெத்தது” என்பார். பூட்டு, “சிக்னல் விழுந்துடுச்சு மேடம்” என்று வண்டியை நகர்த்துவார்.

கெடுவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை மத்தியானம், மேடம் இறங்கப்போகிற நேரத்தில் சொன்னார்: “குழந்தை சீட் ஒண்ணு வாங்கிப் பின்னாடி மாட்டிடுங்க. ரெண்டு வயசுக் குழந்தைக்கு. வண்டியை ராத்திரி ஷெட்ல விட வேண்டாம், வீட்டுக்கே கொண்டுபோயிடுங்க. காலையில ஏழரைக்கு விமான நிலையம்.”

வண்டி வீட்டுக்குப் போவது புதுசு. ஆனாலும் எள் என்றால் எண்ணெயாக நிற்பவர் அவர். ஏன் என்று கேட்டுப் பழக்கமில்லை. சீட்டை வாங்கி, வீட்டு வாசலில் வைத்து, அந்த வார்களோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டினார். மனைவி எட்டிப் பார்த்தாள்.

“யாருக்குங்க இது?”

“வண்டிக்கு.”

அவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். போனவள் திரும்பி வந்தாள். அவளுக்கு வேறொரு கவலை இருந்தது.

“தம்பி ஆபீஸ்ல அஞ்சு பேரை வேலையை விட்டு எடுக்கப்போறாங்களாம். அடுத்த வாரம் லிஸ்ட் வருதாம். ரெண்டு நாளா சரியா சாப்பிடல அவன். உங்களால ஏதாவது செய்ய முடியாதா?”

“பத்திரிகைக்காரன் வேலைக்கு நான் என்னம்மா செய்ய முடியும்?” என்றார். மாடியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். ஆனால் வார் ஒன்று இன்னும் மாட்டாமல் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை அவர் சாவியோடு வெளியே வந்தபோது, துப்பு பல்தேய்க்கும் பிரஷ் வாயில் இருக்க, வண்டியின் பின் கண்ணாடியில் மூக்கை ஒட்டி நின்றிருந்தான். மாமாவைப் பார்த்ததும் நிமிர்ந்தான். வாயெல்லாம் நுரை. கண் கலங்கியிருந்தது.

“தேங்க்ஸ் மாமா” என்றான்.

“எதுக்குடா?”

“ஒண்ணுமில்ல. நீங்க போங்க.” மூன்று மூன்று படியாகத் தாவி மாடிக்கு ஓடினான்.

பிரஷ்ஷோடு நிற்கிறவன் எதற்கு நன்றி சொல்கிறான் என்று யோசித்தபடியே அவர் விமான நிலையம் போனார். அங்கே யாரும் வரவில்லை. ஒன்பது மணிக்கு மேடம் கூப்பிட்டு, “இன்னைக்கு இல்ல, திரும்பிடுங்க” என்றார்.

மத்தியானத்துக்குள் ஊர் பற்றிக்கொண்டது. துப்பின் பத்திரிகை பெரிய எழுத்தில் போட்டிருந்தது: ‘நெட்டையன் வருகிறார்!’ நெட்டையன் என்பது இன்னொரு கிளப்பின் பெரிய கோல் வீரர். அவருக்கு ரெண்டு வயசில் ஒரு பெண் குழந்தை இருப்பது ஊரறிந்த விஷயம். கிளப் வண்டியின் பின் சீட்டில் குழந்தை இருக்கை மாட்டப்பட்டிருப்பதாக எழுதிய நிருபர், அது யார் ஓட்டும் வண்டி, யார் வீட்டு வாசல் என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. பூட்டின் மச்சான் எழுதினால் பூட்டின் வாசலில் பார்த்துத்தான் எழுதியிருப்பான் என்று மூன்றாம் கிளாஸ் பிள்ளைக்கும் தெரியும். நெட்டையனின் கிளப்போ அதை மறுக்கவில்லை. தங்கள் ஆளின் விலை ஏறினால் ஏறட்டுமே என்று வாயை மூடிக்கொண்டது.

புதன்கிழமை சாயங்காலம். மேடம் வழக்கம்போலப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். ஃபோன் அடித்தது. அன்றைக்கு ஒன்பதாவது மணி வரை விட்டார். எடுத்துக் கேட்டு, “அப்படியா… யோசிக்கறேன்… சரி, உங்களுக்காக” என்றார். வைத்ததும் கிளப் தலைவரைக் கூப்பிட்டார்.

“முப்பத்தெட்டுக்கு எழுதிக் குடுத்துட்டாங்க சார். பன்னண்டு கோடி இறங்கிட்டாங்க. நாம நெட்டையனை வாங்கிட்டா இடதுகாலனை யார் தலையில கட்டறதுன்னு பயந்துட்டாங்க. எல்லாம் ஒரு குழந்தை சீட் பண்ண வேலை. நாமளே கசியவிட்டா யார் நம்புவா? பூட்டு வீட்டு வாசல்ல இருந்தா நம்பாம என்ன பண்ணுவாங்க!”

சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, கணக்குச் சரியாக வந்த பிள்ளையின் சிரிப்பு. பூட்டு இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாகத் திரும்ப வேண்டிய தெருவைத் தாண்டிப் போய்விட்டார்.

வியாழக்கிழமை நெட்டையனின் கிளப் ஒரு படத்தை வெளியிட்டது. குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் அதே கிளப்போடு இன்னும் நாலு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுகிறார். சாயங்காலத்துக்குள் துப்பின் பெயர் சந்தி சிரித்தது. டீக்கடையில் ஒருவன் கடையே கேட்கும்படி, “துப்புகெட்ட துப்பு!” என்றான். பத்திரிகை முதலில் மன்னிப்பு எழுதச் சொன்னது. அப்புறம் அவன் பக்கத்தை இன்னொருவனுக்குக் கொடுத்தது.

அன்றைக்கு வேலை முடிந்து வந்த பூட்டு கீழே செருப்பைக் கழற்றாமல் நேராக மாடி ஏறினார். மச்சான் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். லேப்டாப் மூடியிருந்தது. அக்கா கொண்டுவந்து வைத்த தட்டு மூடியபடியே இருந்தது.

“சாப்பிடலையா?”

“பசிக்கல மாமா.”

அங்கே இருந்த ஒரே நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பேசிப் பழக்கம் இருந்தால்தானே.

“அந்த சீட்டு…” என்றார்.

“அதுல பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கல மாமா” என்றான் அவன். “எனக்கு அப்பவே உறுத்திச்சு. குழந்தைக்காரன் எவனும் பழகின சீட்டத்தான் கொண்டுவருவான். ஒரு ஃபோன் போட்டு விசாரிச்சிருந்தா விஷயம் தெரிஞ்சிருக்கும்.”

“பின்ன ஏன்டா விசாரிக்கல?”

அவன் லேப்டாப்பைத் தள்ளி வைத்தான். “வேலை போகப்போகுதுன்னு அக்கா உங்ககிட்ட சொல்லியிருப்பான்னு தெரியும். எப்பவும் ஷெட்ல நிக்கற வண்டி அன்னைக்கு நம்ம வாசல்ல நின்னுச்சு. மாமா வாயத் தெறக்காம, எனக்காக வண்டியைக் கொண்டாந்து காட்டறார்னு நெனச்சேன். அதுக்கு மேல விசாரிச்சா உங்களையே சந்தேகப்படற மாதிரி ஆயிடும்னு தோணிச்சு.”

அந்தத் தேங்க்ஸ் எதற்கென்று இப்போது அவருக்குப் புரிந்தது.

“எனக்குத் தெரியாதுடா. சத்தியமாத் தெரியாது.”

“தெரியும் மாமா. தெரிஞ்சிருந்தா நீங்க செஞ்சிருக்க மாட்டீங்க.”

இடதுகாலன் சனிக்கிழமை பதினோரு மணி விமானத்தில் வருகிறான் என்பது அந்த நேரத்தில் பூட்டின் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லிவிட்டால் மறுநாளே துப்பு மறுபடி ராஜா. அவர் வாயைத் திறந்தார். “தட்ட எடு. நானும் இன்னும் சாப்பிடல” என்றார். ஒரே தட்டில் இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். கீழே போனபோது மனைவி எதுவும் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தவள் டிவியை மட்டும் அணைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை, மேடத்தை வீட்டிலிருந்து கிளப்புக்குக் கூட்டிப்போகும் வழியில், பெட்ரோல் பங்க் தாண்டி ஒரு மர நிழலில் பூட்டு வண்டியை ஓரம் கட்டினார்.

“பஞ்சரா?” என்றார் மேடம்.

“இல்ல மேடம். ஒண்ணு பேசணும்.”

மேடம் காதில் இருந்த இயர்ஃபோனைக் கழற்றினார். “நீங்களா!”

“வெளிய பேசக்கூடாதுன்னீங்க, பேசல. இன்னைக்கும் பேசல. ஆனா நான் பேசாம இருக்கறதையே எடுத்துப் பொய் சொல்ல வெச்சுட்டீங்க. அந்தப் பொய்யில மாட்டினது என் வீட்டுப் பையன்.”

மேடம் பொட்டலத்தை மடித்து வைத்தார். “உங்க மச்சான்னு எனக்குத் தெரியும். யோசிச்சேன். யோசிச்சும் செஞ்சேன். அது தப்பில்லன்னு சொல்ல மாட்டேன்.” பிறகு, “என்ன வேணும் உங்களுக்கு?” என்றார்.

“நாளைக்கு இடதுகாலன் வரும்போது முன் சீட்டுல என் மச்சான் உக்காருவான்.”

“கையெழுத்துக்கு முன்னாடி ஒரு எழுத்து வெளிய வந்தா முப்பத்தெட்டு மறுபடி ஐம்பது ஆயிடும்.”

“வராது.”

“சரி, திரும்பி வர்ற வழியில பாதி தூரம்.”

பூட்டு பதில் சொல்லவில்லை. கண்ணாடியையும் பார்க்கவில்லை. ஸ்டீயரிங்கில் கை வைத்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பஸ் போயிற்று. இரண்டு லாரி போயிற்று. ஒரு ஆள் நாயைக் கூட்டிக்கொண்டு போய், திரும்பியும் வந்துவிட்டார்.

“முழு தூரமும்” என்றார் மேடம். “பேரம் பேச எங்க கத்துக்கிட்டீங்க?”

“பின் சீட்டுலதான் மேடம் பாடம் நடக்குது. காது எனக்கும் இருக்கே.”

சனிக்கிழமை துப்பு வெள்ளைச் சட்டை போட்டு முன் சீட்டில் உட்கார்ந்தான். எங்கே போகிறோம் என்று மாமா சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை, அது ஒரு ஆச்சரியம். விமான நிலையத்தின் பின் வாசலில் இடதுகாலன் தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டு வந்து ஏறியபோது, ஊரையே பேசிக் கவிழ்க்கிற துப்புக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இருபத்திரண்டு வயசுப் பையன். விமானம் ஒத்துக்கொள்ளாமல் முகம் வெளிறியிருந்தது. தும்மிக்கொண்டே வந்தான். அரை மணி நேரம் மூன்று பேரும் பேசவில்லை.

கடைசியில் பையனே, “இந்த ஊர்ல யாருமே பேச மாட்டீங்களா அண்ணா?” என்றான்.

பூட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் குழந்தை சீட் யார் விலையை இறக்க மாட்டியது என்று துப்புக்கு இப்போது புரிந்திருந்தது. திரும்பிப் பார்த்து, ஒரே ஒரு கேள்வி கேட்டான். கோல் பற்றி இல்லை, சம்பளம் பற்றியும் இல்லை.

“உங்க விலை இறங்கினது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது தம்பி?”

பையன் தொப்பியைக் கழற்றினான். “எங்கம்மா ஃபோன்ல சொன்னாங்க. ஐம்பதுன்னு பேப்பர்ல வந்தப்போ, ‘என் பிள்ளைக்கு இவ்வளவா’ன்னு அழுதாங்க. ஏஜென்ட் முப்பத்தெட்டுன்னு சொன்னதும், ‘என்னடா செஞ்சே, அதுக்குள்ள பன்னண்டு கோடி கொறஞ்சுட்டே’ன்னு திட்டினாங்க. நான் பாட்டுக்குத் தூங்கிட்டு இருந்தேன் அண்ணா. தூங்கி எழுந்தா விலை மாறியிருக்கு. யாரு ஏத்தினா, யாரு எறக்கினான்னே எனக்குத் தெரியாது.”

முன் சீட்டில் இருந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பூட்டு ஏசியைக் கொஞ்சம் குறைத்தார்.

திங்கட்கிழமை கையெழுத்தான அதே நிமிஷம் துப்பின் கட்டுரை வந்தது. தான் எப்படி ஏமாந்தேன் என்பதையும் மறைக்காமல் எழுதியிருந்தான், மாமாவைப் பற்றி ஒரு வரியும் இல்லாமல். அந்த அம்மா திட்டியதைப் படித்து ஊர் சிரித்தது, கொஞ்சம் வெட்கமும் பட்டது. மத்தியானம் அக்கா அதைச் சத்தமாகப் படித்தாள். “வழியில் அவர் இரண்டு முறை தும்மினார்…”

“மூணு” என்றார் பூட்டு.

படிப்பது நின்றுவிட்டது. அக்காவும் தம்பியும் அவரையே பார்த்தார்கள். அவர் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

லிஸ்டில் துப்பு பெயர் வரவில்லை. ஆனால் பறிபோன பக்கம் திரும்பவும் கிடைக்கவில்லை. இரண்டாம் பிரிவு ஆட்டங்களுக்குப் போய் எழுது என்று அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு வெளியே பலகை பெஞ்சு போட்ட மைதானங்கள், தபால்காரரும் வெல்டரும் ஆடுகிற அணிகள். ஒரு மாசம் முணுமுணுத்தான். பிறகு அவனுக்கே பிடித்துவிட்டது. இடதுகாலன் அந்த வருஷம் ஒன்பது கோல் அடித்தான். அது முப்பத்தெட்டுக்குத் தகுமா என்று ஊர் இன்னும் சண்டை போடுகிறது. மேடம் அடுத்த வருஷம் இடதுகாலனை விற்ற அந்தக் கிளப்புக்கே வேலைக்குப் போய்விட்டார். பேப்பரில் வருவதற்குப் பத்து நாள் முன்பே பூட்டுக்கு அது தெரியும். வீட்டில் மூச்சு விடவில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் விடுப்பு இருந்தால், தன் சொந்தச் சின்ன வண்டியில் மச்சானை அந்த மைதானங்களுக்கு அவரே கூட்டிப்போகிறார். அங்கே விற்க ஆளும் இல்லை, வாங்க ஆளும் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிடுவார். “டேய் வெல்டரு, பந்தை விடாதே! ரெஃப்ரி, கண்ண எங்க வெச்சிருக்க? மச்சான், எழுது, இவனுக்கு வலது பக்கம் காலே போகல, எழுதுடா!”

முதல் நாள் துப்பு நோட்டுப் புத்தகத்தை மடியில் போட்டுவிட்டு, ஆட்டத்தை விட்டு மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தான். இப்போதெல்லாம், “மாமா, கொஞ்சம் சும்மா இருங்களேன், ஆட்டத்தைப் பாக்க விடுங்க” என்கிறான்.